கடற்கரை இல்லாத ஊரின் கடல் வரலாறு

சென்ற தவணை தரம் 9 பிள்ளைகளைக் காலிக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போவதாக எங்கள் பாடசாலையில் அறிவித்தோம். காலிக் கோட்டை, வெளிச்ச வீடு, தேசிய கடல்சார் நூதனசாலை என்று கரும்பலகையில் எழுதினோம். கடைசி வாங்கில் இருந்த ஒரு மகள் எழும்பி, "சேர், நாங்க தோட்டத்துப் பிள்ளைங்க. கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போதுதான் அந்தக் கேள்வி தொண்டையில் நின்றது.

நியாயமான கேள்வி. ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பசறையிலும் லுணுகலையிலும் பிறந்து, பத்தாம் வகுப்பு வரைக்கும் கடலை நேரில் பார்க்காத பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆனால் கடலைக் கடக்காமல் இந்த மலைக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தோட்டத்து மக்களின் பாட்டன் பாட்டிகள் பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தார்கள். முஸ்லிம்களான எங்களின் முன்னோர் அரபுக் கரையிலிருந்தும் தென்னிந்தியக் கரையிலிருந்தும் மரக்கலத்தில் வந்தார்கள். மலாய்க்காரரின் மூத்தவர்கள் ஒல்லாந்தரின் கப்பல்களில் வந்தார்கள். லயத்தில் பங்கிட்டுக் கொடுத்த அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. இங்கே பறித்த கொழுந்து தூளாகிக் கப்பலில் போனது. அந்த மகளுக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலியிலிருந்தே தொடங்குவோம். கோட்டையின் பழைய வாசலை ஒட்டி ஒல்லாந்தர் 1671 அளவில் கட்டிய நீண்ட பண்டகசாலை ஒன்று இருக்கிறது. கறுவா, மிளகு, கப்பல் கயிறு எல்லாம் அடுக்கி வைத்த இடம். அங்கேதான் 1992இல் தேசிய கடல்சார் நூதனசாலை திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி அதையும் விடவில்லை. தண்ணீர் உள்ளே புகுந்து பல பொருட்களைக் கொண்டுபோனது. நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்தி, 2010இல் மீண்டும் திறந்தார்கள். கடலைப் பற்றிச் சொல்ல வைத்திருந்த பொருட்களைக் கடலே வந்து எடுத்துக்கொண்டது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் எந்தப் பாடமும் மறக்காது.

அந்த நூதனசாலைக்கும் காலிக் கடலின் அடியில் நடந்த ஆய்வுக்கும் பின்னால் சில மனிதர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும். கட்டடத்தை யாரும் கட்டலாம். உள்ளே எதை வைப்பது என்று தீர்மானிக்கிறவரின் கண்தான் நூதனசாலையின் கண்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர் பி.ஈ.பி. தெரணியகல. அவர் விலங்கியல், புதைபடிவங்கள் படித்தவர். இரத்தினபுரி மண்ணில் கிடைத்த பழைய மிருகங்களின் எலும்புகளைக் கொண்டு இந்நாட்டின் கதையைச் சொன்னவர். அவர் காலத்து நூதனசாலை வெளியீடுகளைப் புரட்டினால் எலும்பும் பல்லும்தான் அதிகம். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கண் அங்கே இருந்தது.

காலிக்கு வேறு கண்கள் கிடைத்தன. ஒருவர் கலாநிதி ரோலண்ட் சில்வா. கட்டடக் கலைஞர், தொல்பொருள் ஆணையாளராக இருந்தவர், மத்திய கலாசார நிதியத்தை நடத்தியவர், பின்னர் உலகப் புராதனச் சின்னங்களுக்கான சபையான இக்கோமொஸின் தலைவரானவர். காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். இன்னொருவர் சோமசிறி தேவேந்திர. கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கொடியையும் பீரங்கியையும் பற்றி எழுதி இருக்கலாம். அவரோ நம் கரையோரத்துச் சாதாரண மரக்கலங்களைத் தேடிப் போனார். பக்கத்தில் மிதவைக் கட்டை கட்டி, மாலைதீவுக்கும் இந்தியாவுக்கும் சரக்கு ஏற்றிப் போன யாத்ரா தோணி பற்றி எழுதினார். 1992 முதல் காலித் துறைமுகத்தின் அடியில் நடந்த ஆய்வில் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜெரமி கிரீனோடு சேர்ந்து நின்றவரும் அவர்தான். அந்த ஒரு வளைகுடாவில் மட்டும் மூழ்கிய கப்பல்களும் பிற சான்றுகளுமாக இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

அவற்றுள் பேர்போனது அவொன்ட்ஸ்டர். மாலை நட்சத்திரம் என்று பொருள். முதலில் ஆங்கிலேயருடைய கப்பல், பிறகு ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1659இல் காலியில் இந்தியக் கரைக்குப் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, இரவில் நங்கூரம் நழுவிக் கரை தட்டி மூழ்கியது.

பாக்கு என்றதும் நம் காது நிமிர வேண்டும். அந்தப் பாக்கின் பெரும் பகுதி உள்நாட்டுத் தோப்புகளில் விளைந்து இறங்கியது. மலைநாட்டுக்கும் கரைக்கும் நடுவே தாவளம் மாடுகளின் முதுகில் பாக்கை இறக்கியதும், உப்பையும் கருவாட்டையும் ஏற்றியதும் யார்? கண்டி இராச்சியத்தில் மாட்டுப் போக்குவரத்துக்கென்றே மடிகே என்று ஒரு பகுதி இருந்தது. அதில் சேவகம் செய்தவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். அம்பாந்தோட்டை உப்பு ஊவா அடுப்புக்கு ஏறி வந்ததும் இப்படித்தான். பதுளை பஸாரில் கடை வைத்திருக்கும் குடும்பங்களில் சிலருக்குத் தாவளக்காரர் பரம்பரை என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆகவே காலியில் மூழ்கிய கப்பலின் கயிற்றைப் பிடித்து இழுத்தால், மறுமுனை ஏதோ ஒரு மலைப்பாதையில் மாட்டுக் கழுத்து மணியில் வந்து நிற்கும்.

அந்த 1659 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதுக்குக் கஷ்டமான விஷயம். அதே ஆண்டுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் போரும் பஞ்சமும். பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கான தமிழரை ஒல்லாந்தர் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலர் இறங்கிய கரை இலங்கை. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வருவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, பஞ்சத்தால் விரட்டப்பட்ட தமிழர் ஐரோப்பியர் கப்பலில் இங்கே வந்துவிட்டார்கள். நம் பாடப்புத்தகம் ஒல்லாந்தரின் கறுவாவைச் சொல்கிறது, உரோமன் டச்சுச் சட்டத்தையும் சொல்கிறது.

காலியில் கிடைத்த இன்னொரு பொருளை விட்டுவிட முடியாது. 1911இல் ஒரு பொறியியலாளர், மதகுக்கு மூடியாகக் கிடந்த கல் ஒன்றைக் கண்டார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409இல் எழுதப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவுந்தறையின் தென்னவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேராலும் காணிக்கை. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று போகிற பட்டியல் ஒருவருக்குக் கூட்டியும் மற்றவருக்குக் குறைத்தும் எழுதப்படவில்லை. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது வெள்ளிக்கிழமை பூட்டி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக நம்மவர்கள் சொல்லும் கதை உங்களுக்கும் தெரியும்.

இனிக் கொஞ்சம் தூரம் போவோம். தலைவர்களின் கண் எப்படி ஒரு கடல்சார் நூதனசாலையை மாற்றும் என்பதற்கு இலண்டனில் கிரீனிச் நல்ல உதாரணம். அங்குள்ள தேசிய கடல்சார் நூதனசாலைக்கு 1934இல் சட்டம் வந்தது, 1937இல் மன்னர் ஆறாம் ஜோர்ஜ் திறந்து வைத்தார். பணம் கொடுத்தவர் கப்பல் முதலாளி ஜேம்ஸ் கெயர்ட். முதல் பணிப்பாளர் ஜெஃப்ரி கலண்டர், கடற்படை வரலாற்றாசிரியர். அவருக்கு நெல்சன்தான் உயிர். ட்ரஃபல்கர் போரில் நெல்சன் உடுத்த, குண்டு துளைத்த சட்டை இன்றும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது.

அடுத்து வந்தவர் பிராங்க் கார். தேம்ஸ் ஆற்றுச் சரக்குப் படகுகளில் பழகியவர். கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பல் உடைபடாமல் 1954இல் கிரீனிச்சுக்கு வந்து நின்றதில் அவருக்குப் பெரும் பங்கு. அவருக்குப் பிறகு 1967இல் வந்தவர் பாசில் கிரீன்ஹில். இவர் முன்பு பிரித்தானிய அரச சேவையில் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய பங்களாதேஷில் வேலை பார்த்தவர். அந்த ஆறுகளில் ஏழைகள் ஓட்டிய படகுகளைக் கண்டு, பலகையோடு பலகை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேட்டு எழுதிப் புத்தகமே போட்டார். கிரீனிச்சுக்குத் தலைவராக வந்ததும் சாதாரண மக்களின் படகுகளும் படகுத் தொல்லியலும் அந்த மாளிகைக்குள் இடம்பிடித்தன. தளபதிகளின் கூடத்துக்குள் ஓடக்காரன் நுழைந்தான். வங்காளத்து ஆற்றில் ஓர் அதிகாரி கவனமாகப் பார்த்ததன் பலன் அது.

லிவர்பூல் இன்னும் ஒரு படி மேலே போனது. அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம் அது. அங்குள்ள கடல்சார் நூதனசாலை 1994இல் அந்த வியாபாரத்துக்கே ஒரு கூடம் திறந்தது. டேவிட் ஃபிளெமிங் தலைமையில் 2007இல் அது தனி நூதனசாலையாகவே வளர்ந்தது. தங்கள் ஊருக்கு வெட்கமான கதையைத் தங்கள் துறைமுகத்திலேயே வைத்துச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

கட்டி சார்க் என்றோமே, அது கடலில் இறங்கிய ஆண்டு 1869. அது ஏற்றியது சீனத் தேயிலை, நம்முடையது அல்ல. ஆனால் அந்த ஆண்டு நமக்கு வேறு விதத்தில் முக்கியம். அதே 1869இல் நம் மடுல்சீமைத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் போல ஒரு நோயைக் கண்டார்கள். இலைத்துரு நோய் இந்நாட்டில் முதன்முதல் தெரிந்தது அங்கேதான். அடுத்த இருபது வருடத்தில் கோப்பி ஒழிந்தது, தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தம்பத்தன்னையை வாங்கினார். அதே 1869இல்தான் சுயஸ் கால்வாயும் திறந்தது. கொஞ்ச காலம் காலிக்கு நீராவிக் கப்பல்களால் யோகம் அடித்தது. பிறகு கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்பியது. 1875இல் அடிக்கல், 1885இல் வேலை முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின, காலி தூங்கிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரித்தோம் என்றால், நம் கதை ஏன் காலியில் இயல்பாக வந்து உட்காரவில்லை என்பதற்குக் காரணம் இதற்குள் இருக்கிறது. காலித் துறைமுகம் ஓய்ந்த நேரத்தில்தான் தேயிலைத் தோட்டங்கள் எழும்பின. காலியின் கடல் கறுவாவுக்கும் பாக்குக்கும் உரிய கடல். தோட்டத்து மக்களின் கடல் வடக்கே, மன்னார்ப் பக்கம் இருந்தது. ஒரு கட்டடம் தன் காலடியில் உள்ள துறைமுகத்தைச் சொல்வது இயற்கை. ஆனால் பெயர்ப்பலகையில் 'தேசிய' என்று எழுதிவிட்டால் வடக்குக் கடலும் அதற்குள் வந்தாக வேண்டும். எங்கள் வழக்கு அவ்வளவுதான்.

வடக்குக் கடலில் என்ன இருக்கிறது? கோப்பிக் காலத்தில் தோணிகளிலும் சிறு கப்பல்களிலும் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து, அங்கிருந்து மலையேறியவர்களின் கதை இருக்கிறது. 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் மூழ்கி 120 தொழிலாளர் இறந்ததாக மலையகத்தில் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அவொன்ட்ஸ்டரைத் தேடி மூழ்கியவர்களைப் போல ஆதிலட்சுமியைத் தேடியும் ஒருநாள் ஆட்கள் மூழ்க வேண்டும்.

பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். வந்தவர்களை ராகமை முகாமில் நோய்த்தடுப்புக்கு நிறுத்தினார்கள். தோட்டத்து இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். அதைக் காட்டினால் தோட்டம் வரைக்கும் போகலாம், செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். ஆள் பெயரை விட அந்த இலக்கம்தான் பெரிது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்கள் பேரில் கப்பல்கள். முகாம் மண்டபத்துக்கு மாறியது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. ரயில் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்தே வந்திருப்பார்கள். இன்று வெளிநாட்டார் படமெடுக்கும் அந்தப் பாலத்தில், தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்ட தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் வருவதை நிறுத்தியது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, வந்தவர்களின் பிள்ளைகளையும் நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று இரு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். இரண்டு மாதம் போகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடத் தொடங்கியது. வரும்போது ஏறிய கடலில் போகவும் ஏறினார்கள். பதுளை ஸ்டேஷனில் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டி அழுததை எங்கள் மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். போகிறவர்களின் பசுமாட்டையும் கோழியையும் பக்கத்துக் கடை நானாமார் வாங்கினார்கள். சரியான விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள், அடிமாட்டு விலைக்கு எடுத்தவர்களும் இருந்தார்கள். நம்மவர் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. 1984இல் போர்ச் சூழலில் கப்பல் நின்றது.

மொரீஷியஸில் ஆப்பிரவாசி காட் என்று ஒரு படித்துறை இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கால்வைத்த துறைமுகத்துத் தீவு அது. சில கல் படிகளும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். 2006இல் அது உலக மரபுரிமையானது. நம் பக்கம் கம்பளையை அடுத்த ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பிராவையே தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் காலிக்குக் கொண்டுபோகிறவர்கள் அங்கேயும் கொண்டுபோக வேண்டும். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து போனபோது, அந்தப் பழைய பாதை திரும்பவும் கால்களுக்குத் தெரிந்தது.

இதில் எங்களுக்கு ஒரு பயம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர்களைப் பற்றித்தான் அன்று அழுதோம், அதுதான் முறை. ஆனால் அந்த லயங்களுக்குள் எத்தனை தகரப் பெட்டிகள் இருந்திருக்கும், அவற்றுக்குள் எத்தனை கப்பல் சீட்டும் பழைய கடவுச்சீட்டும் இருந்திருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் ஆவணங்கள் கொஞ்சம் கரைகின்றன. கிரீன்ஹில் மாதிரி ஒருவர் நாளை காலிக்கோ கொழும்புக்கோ பொறுப்பாக வந்து, "மலையகத்தாரின் கடல் பயணத்துக்கு ஒரு கூடம் வைக்கிறேன், பொருள் கொண்டு வாருங்கள்" என்று கேட்டால், கொடுக்க நம் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டுமே.

சுற்றுலா அடுத்த தவணைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன வேலை செய்கிறோம். தோட்டத்தில், டவுனில், கடைவீதியில் இருக்கிறவர்கள் யாராவது வீட்டில் தகரத் துண்டு, துண்டுச் சீட்டு, மண்டபம் முகாம் சீட்டு, தலைமன்னார் முத்திரை குத்திய கடவுச்சீட்டு, கப்பலில் வந்த பெட்டி, தாவளம் மாட்டு மணி, எதுவாக இருந்தாலும் பாருங்கள். எடுத்துத் தர வேண்டாம், உங்கள் சொத்து உங்களிடமே இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுத்து, யார் கொண்டுவந்தது, எந்தத் தோட்டம் என்று இரண்டு வரி எழுதி பாடசாலைக்குப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளை போனில் பதிவு செய்தாலும் போதும்.

கேள்வி கேட்ட மகள் போன கிழமை ஒரு படம் கொண்டுவந்தாள். பூட்டு உடைந்த கறுப்புத் தகரப் பெட்டி, மூடியின் உட்பக்கம் கிழிந்த கடதாசி ஒன்று ஒட்டியிருக்கிறது. தேதி தெரியவில்லை. ஊர்ப் பெயரில் 'மண்' என்ற இரண்டெழுத்து மட்டும் தெரிகிறது.